அக்காவின்ர சூட்டைக் குடிச்ச தாங்கி

என்ர அக்கா கத்தரினுக்கு மறதி வருத்தம் எண்டு மாதா கோயில் முழுக்கச் சொல்லித் திரிஞ்சது வேற ஆருமில்லை, எங்கட கூடப்பிறந்த தம்பி ஞானேந்திரன்தான். நான் செலீன், இவை ரெண்டு பேருக்கும் நடுவில பிறந்தவள். எனக்கு வாய் கூட எண்டு சொல்லுவினம். ஓம், கூடத்தான். அக்காவுக்கு வாயே இல்லாதபடியால் அவவின்ர பங்கையும் சேத்து ஆண்டவர் எனக்குத் தந்திட்டார் போல.

அக்கா மன்னாரில இருந்து மொன்ட்ரியாலுக்கு வரேக்குள்ள குமர்ப்பிள்ளை. வந்த கிழமையே ஷபானெல் தெருவில ஒரு தையல் பக்டரியில மெஷினுக்கு முன்னால குந்தினவ. என்னைக் கூப்பிட்டா, பேந்து தம்பியைக் கூப்பிட்டா. தம்பி பள்ளிக்கூடம் போனான், யூனிவர்சிட்டி போனான், எஞ்சினியர் ஆனான். அக்கா மெஷினை விட்டு எழும்பேல்லை. கலியாணம் பேசி வந்த ஆக்களுக்கெல்லாம் "தம்பி படிச்சு முடியட்டும்" எண்டு சொல்லிச் சொல்லியே திருப்பி அனுப்பினா. அவன் படிச்சு முடிச்ச நேரம் பேசி வாறதுக்கு ஒருத்தரும் இல்லை. இதை அவன்ர மூஞ்சிக்கு நேர நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறன். "விடடி, உனக்கு வேற வேலையில்லை" எண்டு அக்காதான் என்னை அடக்குவா.

பக்டரி பூட்டின பிறகு அவ தம்பி வீட்டை போனா. வீடு இல்-பிசாரில. தீவுக்குள்ள பெரிய பெரிய வீடுகள், பின்னுக்கு மரங்கள், பஸ் மட்டும் ஆடிக்கொருக்கா ஆவணிக்கொருக்கா. நான் இருக்கிறது மொன்ட்ரியால்-நோரில, மூண்டாம் மாடியில ஒரு வாடகை வீட்டில. பிள்ளையளைப் பகலில பாக்கிற கர்தெரி ஒண்டில சமையல் வேலை. அக்காவைப் பாக்கப் போறதெண்டால் அரைநாள் பஸ்ஸிலயே போயிடும். தம்பியும் பெண்சாதி றொஷினியும் வேலைக்குப் போக, அவையின்ர பிள்ளையள் ரெண்டையும் கர்தெரிக்கே விடாமல் அக்காதான் வளத்தவ. பேஸ்மென்றில ஒரு அறை, சின்னக் குசினி, கக்கூஸ். அது அவவுக்குக் காணுமாம். அவவுக்கு எதுதான் காணாது?

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஐப்பசி மாசம்தான் அந்தக் கோதாரி வீட்டுக்கு வந்தது. ஹீற் பம்ப் தண்ணித் தாங்கி. ஆள் உயரம், தலையில ஒரு காத்தாடி, பிரிஜ் மாதிரி உறுமும். கரண்ட் கொஞ்சமாய்த்தான் குடிக்குமாம். குளிக்கிற தண்ணியும் அதிலயாம், வீட்டுக்குச் சூடும் அதிலயாம். மேல்வீட்டு நிலம் முழுக்கக் கிளப்பி, கீழால குழாய் ஓட்டி, தாங்கியின்ர சுடுதண்ணியை அதுக்குள்ள விட்டிருந்தான். பழைய கரண்ட் ஹீற்றர் எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சாச்சு. பேஸ்மென்றுக்கு மட்டும் நிலத்துக்குள்ள குழாய் இல்லை. அக்காவின்ர சுவரில ஒரு சின்னத் தண்ணி ரேடியேற்றர், அவ்வளவுதான்.

அவன் அடிச்ச புளுகம் சொல்லி மாளாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கோயில் ஆக்களை வீட்டை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவான். பாதரைக் கூப்பிட்டுத் தாங்கிக்குத் தீர்த்தம் தெளிக்காத குறைதான். "எல்லாரும் சப்பாத்தும் சொக்ஸும் கழட்டிப்போட்டு நடந்து பாருங்கோ" எண்டு சொல்ல, சனமும் மேல்வீட்டு நிலத்தில வெறுங்காலோட நடந்து "ஆஹா" எண்டிச்சினம். நானும் நடந்தனான், இல்லையெண்டு சொல்லேல்லை. நல்ல இளஞ்சூடு. கீழ இறங்கிப் பாத்தவை ஒருத்தரும் இல்லை.

தாங்கி நிண்டது அக்காவின்ர அறையோட ஒட்டின சின்ன இடத்தில. முந்தி இருந்த பழைய தாங்கியும் அங்கதான். அப்ப அந்த இடம் எப்பவும் கதகதப்பாய் இருக்கும். இந்த ஊரில எங்கட ஆக்கள் பாதிப்பேர் பனிக்காலத்தில மா புளிக்க வைக்கிறது தாங்கிக்குப் பக்கத்திலதான். அக்காவும் அப்பிடித்தான். அப்பத்துக்கு அரைச்சு, ஈஸ்ற் கலந்து, துணியால மூடி, தாங்கியோட ஒட்டி வைச்சிட்டுப் படுத்தாவெண்டால் விடிய மா வாளி விளிம்பில நிக்கும். டிசம்பரில வாற மாதா பெருநாளுக்குக் கோயில் ஹோலில அவவின்ர அப்பம்தான். எத்தினையோ வருசமாய் அவவின்ர அப்பம்தான்.

புதுத் தாங்கி வந்த கொஞ்ச நாளிலயே எனக்குப் போன் எடுத்து, "செலீன், கீழ கொஞ்சம் குளிரா இருக்கடி" எண்டா. அக்கா "கொஞ்சம்" எண்டால் கனக்க எண்டு அர்த்தம். "தம்பிக்குச் சொன்னனீங்களோ?" எண்டு கேட்டன். சொன்னவவாம். அவன் படியின்ர உச்சியில நிண்டுகொண்டே போனை எடுத்துப் பாத்திட்டு, "இருபத்தொண்டு டிகிரி காட்டுதக்கா. வயசு போனால் அப்பிடித்தான் குளிரும். ரெண்டு சுவெற்றர் போடுங்கோ" எண்டானாம். நாலு படி இறங்கிப் பாக்க அந்த மகாராசாவுக்குக் கால் வலிக்குமாக்கும்!

அக்கா பிறகும் ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தா. ஒவ்வொரு தரமும் அவன் போனைப் பாத்தான், ஒவ்வொரு தரமும் இருபத்தொண்டு. கடைசியில றொஷினி, "மச்சாள், உங்களுக்கு மனசுதான் சரியில்லை. தனிய இருந்து யோசிக்கிறியள்" எண்டாவாம். அதுக்குப் பிறகு அக்கா வாய் திறக்கேல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறா, அது எனக்குப் பேந்துதான் தெரியும்.

மாதா பெருநாள் வந்தது. பூசை முடிஞ்சு சனம் கீழ ஹோலுக்கு இறங்கி வரிசையில நிக்குது. அக்கா அப்பச்சட்டியில மாவை விட்டுச் சுத்துறா, மா சுத்துப்படேல்லை. பசை மாதிரி ஒரு இடத்திலயே கிடக்குது. எடுத்ததெல்லாம் தோல் செருப்பு மாதிரி வந்திச்சு. ஒரு சின்னப்பிள்ளை கடிச்சுப் பாத்திட்டுத் தாயின்ர கையில துப்பினது. யோசெப் அண்ணை, கோயில் கமிட்டியில தலைவர், "என்ன கத்தரின், ஈஸ்ற் போட மறந்திட்டியளோ?" எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்டது. அக்கா வெளிறிப்போய், "போட்டனான்... போட்டனானெண்டுதான் நினைக்கிறன்" எண்டா.

அந்த ஒரு சொல்லை ஞானா பிடிச்சுக்கொண்டான். அடுத்த கிழமையே அவவை டொக்டரிட்டக் கொண்டுபோனான். எங்கட அக்காவின்ர பிரெஞ்சு பக்டரிப் பிரெஞ்சு. "பொன்சூர்", "மெர்சி", "கெதியாத் தை", அவ்வளவுதான். அந்தப் பிரெஞ்சில கேள்வி கேட்டு மறதிப் பரிசோதனை! தம்பிதான் மொழிபெயர்ப்பாம். இண்டைக்கு என்ன திகதி எண்டு கேக்க, அவ பயத்தில யோசிக்க, இவன் பக்கத்தில இருந்து பெருமூச்சு விட்டிருக்கிறான். டொக்டர் "கொஞ்சம் கவனிக்க வேணும்" எண்டு சொன்னதை இவன் "மறதி தொடங்கிட்டுது" எண்டு தமிழாக்கினான். கோயில்ல பாதருக்குச் சொன்னான், யோசெப் அண்ணைக்குச் சொன்னான், கோப்பி குடிச்சுக்கொண்டு நிண்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னான். சனம் அக்காவோட கதைக்கேக்குள்ள, காது கேக்காத ஆளோட கதைக்கிற மாதிரி உரத்து, ஒவ்வொரு சொல்லாய்க் கதைக்கத் தொடங்கிச்சுது. "கத்தரின்... நான்... ஆரெண்டு... தெரியுதோ?" எண்டு. அறைஞ்சிருப்பன். பூசை நேரம் எண்டு விட்டன்.

நத்தாருக்கு முதல் நாள் எனக்குப் போன் எடுத்து, "அக்காவுக்கு ஒரு வயோதிபர் இல்லத்தில இடம் கேட்டிருக்கிறன், தை மாசம் கிடைக்கும்" எண்டான். ஏதோ சாப்பாட்டுக் கடையில மேசை பதிஞ்ச மாதிரிச் சொன்னான்.

"உனக்கென்ன விசரோடா?" எண்டன்.

"செலீன் அக்கா, நீங்கள் வந்து பாக்கிறேல்லை. மா குழைக்கக்கூட ஞாபகம் இல்லை அவவுக்கு. ஒரு நாளைக்கு அடுப்பை நிப்பாட்டாமல் விட்டிட்டால்? அவவின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

நன்மை! அந்தச் சொல்லைக் கேட்டவுடன எனக்குச் சன்னதம் வந்திட்டுது. போனை வைச்சிட்டு, நத்தார் முடிஞ்ச கையோட பஸ் ஏறினன்.

பேஸ்மென்றுக்குள்ள இறங்கினால், குந்தியிருந்து அரிசி அரைக்கிறா அக்கா. கையுறை இல்லாத விரல் நீலம் பாரிச்சுக் கிடக்குது. என்னைக் கண்டதும் அழத் தொடங்கிட்டா. "செலீன், நீ பக்கத்தில இருந்து பார். நான் ஒவ்வொண்டாய்ச் சொல்லிச் சொல்லிப் போடுறன். நான் விடுறதெண்டால் சொல்லு." அரிசி, இளநி, சீனி, உப்பு எண்டு சத்தமாய்ச் சொல்லிச் சொல்லிப் போட்டா. ஈஸ்றைப் போடேக்குள்ள என்ர முகத்தைப் பாத்தா, முதல் வகுப்புப் பிள்ளை ரீச்சரைப் பாக்கிற மாதிரி. மொன்ட்ரியாலில பாதிச் சனத்துக்குச் சட்டை தைச்ச கை, ஒரு சிட்டிகை ஈஸ்றுக்கு என்னட்டச் சாட்சி கேக்குது.

மாவில பாதியை ஐஸ்கிறீம் வாளியில ஊத்தித் தந்தா, ரொட்டி மாதிரியாவது சுட்டுச் சாப்பிடு எண்டு. மிச்சத்தை வழக்கம்போலத் தாங்கியோட ஒட்டி வைச்சா. நான் வாளியைக் கோட்டுக்குள்ள அணைச்சுக்கொண்டு பஸ் மாறி மாறி வீட்டை வந்து, குசினிச் சுவரில இருக்கிற எங்கட வீட்டுச் சொந்தக்காரன்ர பழைய ரேடியேற்றருக்கு மேல வைச்சிட்டுப் படுத்திட்டன்.

விடிய எழும்பிப் பாத்தால் வாளி மூடி ஒரு பக்கம், மா ஒரு பக்கம். ரேடியேற்றரில வழிஞ்சு, சுவரில வழிஞ்சு, நிலத்தில என்ர செருப்புக்குள்ளயும் போயிருந்திச்சு. அட கறுமமே எண்டு துடைக்கக் குனிஞ்சவள் அப்பிடியே நிண்டிட்டன். அக்காவுக்குப் போன் எடுத்து, "உங்கட மா எப்பிடி?" எண்டு கேட்டன்.

"அப்பிடியேதானடி கிடக்குது. பச்சைத்தண்ணி மாதிரிக் குளிருது."

"அக்கா, உங்கட மறதியில இடி விழ! உங்களுக்கு ஒண்டுமில்லை. நான் வாறன், அசையாமல் இருங்கோ."

சனிக்கிழமை. தம்பி வீட்டில நிண்டான், றொஷினியும் நிண்டா. ஒருத்தரோடயும் கதைக்காமல் நேர கீழ போய்த் தாங்கிக்குப் பக்கத்தில நிண்டன். உச்சந்தலையில சில்லெண்டு காத்து அடிச்சுது. தாங்கியின்ர தலையில இருந்துதான். அந்த இடத்துக்கு முந்திப் பலகைக் கதவு. இப்ப கம்பி கம்பியாய் இடைவெளி விட்ட கதவு. அதுக்குள்ளால குளிர்காத்து அக்காவின்ர கட்டிலுக்கு நேர போகுது. படிச்சவள் இல்லை நான், ஆனால் வீட்டில பிரிஜ் இருக்கு. பிரிஜ் உள்ளுக்கிருக்கிற சூட்டை எடுத்து வெளியால தள்ளும். இந்தச் சனியன் அறைக்குள்ள இருக்கிற சூட்டை உறிஞ்சித் தண்ணிக்குள்ள தள்ளி, அந்தத் தண்ணியை மேல்வீட்டுக்கு அனுப்புது. என்ர அக்கா பிரிஜ்ஜுக்குள்ள படுத்திருந்திருக்கிறா.

"டேய் ஞானா! கீழ வாடா!"

ஊரே கேட்டிருக்கும். படியில இறங்கினான், கையில போன். "என்ன செலீன் அக்கா, இருபத்தொண்டு..." எண்டு தொடங்கினவன், கடைசிப் படியை விட்டு வெறுங்கால் நிலத்தில பட்ட உடன துள்ளிக் காலைத் தூக்கினான். மேல வெறுங்காலோட திரியிற பழக்கம்.

"எங்கயடா உன்ர இருபத்தொண்டு? அந்த நம்பர் எங்க இருந்து வருது?"

"அது... மேல கொறிடோரில இருக்கிற சென்சர்."

"கீழ?"

"கீழ சென்சர் இல்லை."

தாங்கிக்குப் பக்கத்தில கையை நீட்டிப் பாத்தான். எஞ்சினியர் எல்லோ, உடன விளங்கீட்டுது. முகம் கறுத்துப் போச்சுது. "தாங்கி பூட்ட வந்த கொம்பனிக்காரன் சொன்னவன்தான். இது அறைக் காத்தில இருந்துதான் சூடு எடுக்கும், காத்து வேணும், கதவை மாத்து எண்டவன். கீழ ஆக்கள் இருந்தால் குளிரும், அதுக்கு வேற வழி செய்ய வேணும் எண்டும் சொன்னவன்."

"பிறகு?"

அவன் கையில இருந்த போனைப் பொக்கற்றுக்குள்ள வைச்சான்.

"பிறகென்னடா?"

"கீழ ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டான். நான்... இல்லை, ஸ்ரோர் றூம் மாதிரித்தான் எண்டு சொல்லிட்டன். எனக்கு அந்த நேரம் நினைப்பே வரேல்லை."

எனக்கு வாயில வந்த தூஷணத்தையெல்லாம் இஞ்ச எழுதேலாது. பாதியிலயே நிப்பாட்டிப்போட்டன், ஏனெண்டால் பின்னால நிண்ட அக்கா வாய் திறந்தா.

"நான் ஆளில்லையோ ஞானா?"

"ஐயோ அக்கா, அப்பிடியில்லை..."

"எனக்குக் குளிருது எண்டு சொன்னனான். நீ போனைப் பாத்தனி. எனக்கு மறதி எண்டு நீ சொன்னனி. நான் நம்பினனான்டா. ஒவ்வொரு ராவும் படுக்கமுந்தி அம்மாவின்ர பேர், அப்பாவின்ர பேர், உங்கட பிறந்தநாள் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்து, மறக்கேல்லை எண்டு நிச்சயப்படுத்திப்போட்டுத்தான் படுக்கிறனான்."

றொஷினி படியிலயே குந்திட்டா. தம்பி அழத் தொடங்கினான். நாளைக்கே ஆளைக் கூப்பிட்டுக் குளிர்காத்துக்கு வெளியால குழாய் விடுறன், கரண்ட் ஹீற்றர் போடுறன், இல்லத்துக்கு வேண்டாமெண்டு சொல்லுறன், மேல்வீட்டில அறை தாறன் எண்டு அடுக்கினான். அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு நிண்டா. பேந்து சொன்னா: "நீ எனக்கு மறதி எண்டு சொன்ன இடத்தில போய், இல்லையெண்டு சொல்லு. கோயில்ல. மைக்கில."

"அக்கா, பாதருக்குத் தனியச் சொல்லுறன். யோசெப் அண்ணைக்கும் சொல்லுறன்."

"மைக்கில."

அவவின்ர குரல் உயரவே இல்லை. என்ர சீவியத்தில அவ ஒண்டு வேணுமெண்டு கேட்டு நான் கண்டது அதுதான் முதல்தரம். ராவே அவவின்ர உடுப்பையும் மாதா சுரூபத்தையும் எடுத்துக்கொண்டு என்னோட கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

எங்கட கோயில்ல பூசை முடிய அறிவித்தல் நேரம் எண்டு ஒண்டிருக்கு. பிறந்தநாள், நினைவுநாள், ஆருக்கும் நன்றி சொல்லுறதெண்டால் எல்லாம் அப்பதான். அந்த ஞாயிறு ஞானா எழும்பிப் போனான். கோட்டுப் பொத்தானைத் தடவிக்கொண்டு, "அன்பான சபையோரே, பெருநாள் அண்டைக்கு அப்பம் சரிவராததுக்கு எங்கட வீட்டுச் சூடாக்கும் தொகுதியில ஏற்பட்ட ஒரு தொழில்நுட்பக் கோளாறுதான் காரணம் எண்டு அறியத்தாறன்" எண்டான். முடிஞ்சுது. இறங்கி வந்திட்டான்! தொழில்நுட்பக் கோளாறாம்! இருந்த வாங்கை விட்டு நான் துள்ளி எழும்பினன். ஆனால் எனக்கு முந்தியே அக்கா எழும்பிட்டா.

நடுவால நடந்து போனா. பாதர் தள்ளி நிண்டு இடம் விட்டார். மைக் அவவைவிட உயரம், பதிக்கவும் தெரியேல்லை, அண்ணாந்து நிண்டே கதைச்சா.

"எனக்கு மறதி இல்லை. நான் இருந்த அறை குளிர்ந்தது. தம்பியிட்டச் சொன்னனான். அவன் கேக்கேல்லை. உங்களில ஒருத்தரும் என்னட்டக் கேக்கேல்லை. அவ்வளவுதான். தோத்திரம்."

யோசெப் அண்ணை தலையைக் குனிஞ்சிட்டார். அக்கா வந்து என்ர பக்கத்தில இருந்து, வெறும் கையைத் தேய்ச்சுக்கொண்டா.

வெளியால கார் நிப்பாட்டுற இடத்தில, பனிக்குள்ள, ஞானா பின்னால ஓடி வந்தான். முகம் சிவந்து போய்க் கிடந்திச்சு. "இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னை இப்பிடி வெக்கப்படுத்திட்டியளே அக்கா. இனி நான் எந்த முகத்தோட இஞ்ச வாறது?"

அக்கா நிண்டு அவனைத் திரும்பிப் பாத்தா. அவன்ர கோட்டின்ர கொலர் மடிஞ்சு கிடந்ததை நிமித்திவிட்டா.

"உனக்கு இண்டையோட முடிஞ்சுது ஞானா. நான் பெருநாளில இருந்து அந்த முகத்தோடதான் இஞ்ச வந்தனான்."

எண்டிட்டு என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு பஸ் நிப்பாட்டுக்கு நடந்தா.